வளர்கிற சட்டை

கடலூரில் உட்கார்ந்துகொண்டு ஸ்வெட்டர் பின்னுவது ஊட்டியில் இளநீர்க் கடை போடுவது மாதிரி. இது என் கணவர் சொன்னது. கல்யாணமான புதிதில் சொன்னதால் சிரித்தேன். பிறகு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதையே சொல்ல ஆரம்பித்ததால் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

பின்னல் எனக்கு ஆசைப்பட்டு வந்ததல்ல, மார்க்குக்காக வந்தது. 2004-இல் ஆசிரியர் பயிற்சி படித்தபோது கைவேலைக்கென்று ஒரு ரெக்கார்டு நோட்டு இருந்தது. உள்ளங்கை அளவில் பின்னல் மாதிரிகளை அதில் ஒட்டி, கீழே பெயர் எழுத வேண்டும். மற்றவர்கள் சீனியர்களின் பழைய நோட்டிலிருந்து பிய்த்து ஒட்டினார்கள். நான் நிஜமாகவே பின்னினேன். இரண்டு ஊசி, ஒரு நூல். ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையமும் ஒரு கண்ணி, கண்ணிகள் சேர்ந்தால் ஒரு வரி. தப்பு செய்தால் உருவிப் பிரித்துவிட்டு அதே நூலில் மறுபடி ஆரம்பிக்கலாம், நூலுக்கு எந்தக் கோபமும் கிடையாது. மார்க் வந்த பிறகும் ஊசியைக் கீழே வைக்க மனமில்லாமல் போய்விட்டது.

2006-இல் கல்யாணமாகிக் கடலூர் செம்மண்டலத்துக்கு வந்தேன். பிறந்த வீடு சிதம்பரம். வேலை குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளியில். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பஸ். ஜன்னலோர சீட் கிடைத்தால் பின்னல், கிடைக்காவிட்டால் தூக்கம். கண்டக்டர் டிக்கெட் கிழித்தபடியே, "டீச்சர், நம்ம வண்டி இஞ்சினுக்கு ஒண்ணு பின்னிப் போடுங்க, காலையில ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது" என்பார்.

மறு வருஷம் நான் உண்டானபோது கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் கத்தரிப்பூ நிறத்தில் கம்பளி நூல் வாங்கினேன். ஆறு உருண்டை. ஒரு குழந்தைக்கு இரண்டே போதும். ஆனால் கடைக்காரர், "அடுத்த லோடு வந்தா சாயம் மாறிடும், மொத்தமா எடுத்துக்கங்க" என்று பயமுறுத்திவிட்டார். ஏழாவது மாதத்தில் பஸ்ஸிலேயே ஒரு குட்டி ஸ்வெட்டரை ஆரம்பித்தேன். பதினெட்டு வரி போயிருக்கும். அதற்குள் அண்ணியிடம் மாட்டிக்கொண்டேன்.

அண்ணி என்பது என் கணவரின் அக்கா. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார். காலேஜில் படிக்கிற இரண்டு பையன்கள் அவருக்கு. என் மாமியார் உயிரோடு இல்லாததால் அந்தப் பதவியையும் அண்ணியே கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டார். முறுக்கு கொடுக்க வந்தவர், டப்பாவை வைக்க என் பையைத் திறந்து, ஊசியோடு சேர்த்துப் பின்னலை வெளியே எடுத்தார்.

"இது என்னா?"

"பாப்பாவுக்கு அண்ணி."

"எந்தப் பாப்பாவுக்கு?"

நான் என் வயிற்றைப் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

"பொறக்கட்டும். பொறந்து நம்ம கையில வந்தப்புறம் பாப்பாம்போம். அதுக்கு முன்னாடி ஒரு துணி சேக்கக் கூடாது, தொட்டிலு வாங்கக் கூடாது. படிச்சவதானே நீ?"

படித்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருக்கலாம். அதற்குள் அண்ணி எல்லாவற்றையும் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்த் தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். வகுப்பில் நான் பிள்ளைகளிடம் கோலிக் குண்டு பிடுங்குவதும் இப்படித்தான். பிடுங்கப்படுகிற பக்கம் எவ்வளவு எரியும் என்று அன்றுதான் தெரிந்தது.

2008 தை மாதம் சிதம்பரத்தில், அம்மா வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெண் குழந்தை பெற்றேன். சரி, பிறந்துவிட்டதே, இனித் தடையில்லை என்று நினைத்தேன். அம்மா வேறு சட்டம் வைத்திருந்தார். "பச்ச ஒடம்பு. ஊசியையே பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு நரம்பு இழுத்துக்கும். அப்புறம் நாப்பது வயசுல என்னைய திட்டாத." பேப்பர் படிக்கவும் தடை, டிவிக்கும் தடை. முன்னால் சகுனம், பின்னால் கண் நரம்பு. இரண்டுக்கும் நடுவே இருந்தது பிரசவம் ஒன்றுதான், அந்த நேரத்தில் எனக்குக் கை ஒழியவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தபோது அண்ணி செய்தித்தாள் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தார். குழந்தை பகலில் அண்ணியிடம் இருந்தது. எனக்குப் பஸ்ஸில் மட்டும்தான் நேரம், அதுவும் பாதி நாள் தூங்கிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தூளியின் கயிற்றை என் கால் கட்டைவிரலில் கட்டிக்கொண்டு, காலால் ஆட்டியபடி கையால் பின்னுவேன். நாலு வரி போவதற்குள் தூளிக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்க்கும். கையில் கிடைத்த நூலை வாயில் போட்டுச் சப்பி, உருண்டையைக் கட்டிலுக்கு அடியில் உருட்டிவிட்டு, அழுவதும் அவளேதான். மூன்று மாதக் குழந்தை அளவுக்கு ஆரம்பித்த ஸ்வெட்டர் முடிந்தபோது அவளுக்கு ஒன்பது மாதம். தலையே நுழையவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை.

பிரித்தேன். ஒரு வயது அளவுக்கு ஆரம்பித்தேன். முடிக்கும்போது அவளுக்கு ஒன்றே முக்கால் வயது. கை முழங்கையோடு நின்றது. ஒரே ஒரு மார்கழியில் இரண்டு நாள் போட்டாள். அதையும் பிரித்தேன். மூன்றாவது முறை நாலரை வயது அளவு, ஆறு உருண்டையும் அதற்கே சரியாக இருந்தது. 2011 ஐப்பசியில் முடித்தேன். கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. நாலு வருஷத்தில் முதன்முறையாக நான் அவளை முந்தியிருந்தேன்.

இத்தனை வருஷமும் ஒரே நிறம் என்பதால், அது வேறு வேறு ஸ்வெட்டர் என்று அவளுக்குத் தெரியாது. ஒரே சட்டைதான் என்றும், அது தானாகப் பெரிதாகிறது என்றும் நினைத்துக்கொண்டிருந்தாள். "இது என் வளர்ற சட்டை" என்று தெருவில் எல்லாரிடமும் காட்டுவாள். "மொதல்ல அது வளரும், அப்புறம் நான் வளருவேன்." திருத்தவில்லை. நாள் முழுக்க நாற்பது பிள்ளைகளைத் திருத்திவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அந்த வேலை வேண்டாம்.

அப்போது நான் இரண்டாவது முறையாக உண்டாகியிருந்தேன். ஆறாம் மாதம். இந்த முறை அண்ணி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஊசியை நானே எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். நம்பிக்கை என்று இல்லை, சண்டைக்குத் தெம்பில்லை. எட்டாம் மாத ஆரம்பத்தில், அரையாண்டு லீவுக்கு மகளையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போனேன். போன நாலாம் நாள் வலி வந்துவிட்டது. அம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த சின்ன நர்சிங் ஹோமில் இன்னொரு பெண் பிறந்தாள். ஒரு கிலோ அறுநூறு கிராம்.

அதற்கு இரண்டாம் நாள் விடியற்காலை புயல் அடித்தது. கடலூர்ப் பக்கம் அது செய்ததை அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிதம்பரத்திலும் கரண்ட் போய், கடைகள் அடைத்து, தெருவெல்லாம் கிளைகள். குழந்தையைப் பார்க்க வந்த என் கணவர் திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டார். ஜெனரேட்டர் ஓடியது. இருந்தாலும் ஈரக் காற்று எல்லா இடுக்கிலும் வந்தது. நர்ஸ் குழந்தையை என் நெஞ்சோடு ஒட்டவைத்து, ஒரு புடவைத் துணியால் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினார்.

"ஒங்க ஒடம்புச் சூடுதான் இதுக்கு மருந்து. எறக்கிடாதீங்க. ஆனா தல வழியாத்தான் சூடெல்லாம் போவுது பாருங்க. துணி கட்டுனா நழுவுது. உல்லன் குல்லா ஒண்ணு இருந்தா குடுங்க."

என் கணவர் மழையில் ஊரைச் சுற்றிவந்தார். பாதி ஷட்டர் திறந்திருந்த ஒரு கடையில் கிடைத்தது ஒரு வயதுக் குல்லா. போட்டதும் அது நேராக இறங்கி மோவாயில் நின்றது. அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, வராந்தாவுக்குப் போய்விட்டார். அன்று எடை போட்டபோது ஐம்பது கிராம் குறைந்திருந்தது. அடுத்த கட்டிலுக்குத் துணையாக வந்திருந்த அம்மாள் யாரும் கேட்காமலே, "ஏழுல பொறந்தாலும் பொழச்சிக்கும். எட்டுல பொறந்தது தங்கறது கஷ்டம்" என்றார். எதிரே இருந்த ஃபிளாஸ்க்கை எடுத்து வீசலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அவள் செத்துவிடுவாள் என்று பயந்தேன்.

மதியம் அம்மா பெரியவளை அழைத்துக்கொண்டு வந்தார். அவள் வளர்கிற சட்டையைப் போட்டிருந்தாள். கொஞ்ச நேரம் ஜன்னலில் கிளைகளை வேடிக்கை பார்த்துவிட்டு என் கால்மாட்டில் படுத்துத் தூங்கிவிட்டாள். அந்தக் கத்தரிப்பூ நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு, "அம்மா, அந்தச் சட்டையக் கழட்டேன்" என்றேன்.

"முழிச்சிக்குவா. கேட்டுட்டு எடுக்கலாம்டி."

"கேட்டா தர மாட்டா."

இது நான் செய்தது. அம்மாவோ கணவரோ சொல்லிச் செய்ததில்லை. தூக்கத்தில் முனகிய பெரியவளின் கையை மடக்கச் சொல்லி, அம்மாவைச் சட்டையை உருவவைத்தேன். நர்ஸிடம் பிளேடு வாங்கி, சட்டையின் வலது கையைத் தோளோடு தைத்திருந்த தையலை அறுத்தேன். ஒரு கை போதும். மேல் வரியைப் பிரித்துவிட்டால் பிறகு இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். பல மாதப் பஸ் பயணம் பத்து நிமிஷத்தில் சேமியா மாதிரி சுருண்டு மடியில் விழுந்தது.

அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொதிக்கிற தண்ணீரில் முக்கியெடுத்து, வெந்நீர் ஊற்றிய எவர்சில்வர் சொம்பைச் சுற்றி இறுக்கிச் சுற்றினார். தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தாராம். நூல் காய்ந்ததோடு சுருக்கும் நிமிர்ந்துவிட்டது. ஊசிக்கு எங்கே போவது? ஊசி கடலூரில், பரணில். என் கணவர் ஒரு சைக்கிள் கடைக்காரரை வீட்டில் போய் எழுப்பி, இரண்டு ஸ்போக்ஸ் கம்பி வாங்கி, முனையைத் தரையில் தேய்த்து மழுக்கிக் கொண்டுவந்தார். இளநீர்க் கடை ஜோக்கை அதற்குப் பிறகு அவர் சொன்னதில்லை.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஆரம்பித்தேன். குழந்தை நெஞ்சில், என் இரண்டு கையும் அவள் முதுகுக்கு மேல். நாற்பத்தெட்டுக் கண்ணி. அளவெடுக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை, அளவு என் மோவாய்க்குக் கீழேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அம்மா கண் நரம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மதியக் கஞ்சி வருவதற்குள் குல்லா முடிந்துவிட்டது. போட்டதும் தலையில் நின்றது.

சாயங்காலம் பெரியவள் ஒற்றைக் கைச் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னொரு கை எங்க?"

குல்லாவைக் காட்டினேன். அழுவாள் என்று தயாராக இருந்தேன். அழவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"என் சட்டை சின்னதாப் போவுதாம்மா? அப்ப நானும் சின்னதாப் போயிடுவேனா?"

"மாட்ட."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு, ஒற்றைக் கைச் சட்டையை மாட்டிக்கொண்டு அம்மாவோடு போய்விட்டாள். கேட்காமல் எடுத்தது தப்பு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மறுபடி அதே நிலைமை வந்தால் மறுபடி எடுப்பேன்.

பாதை திறந்ததும் நாலாம் நாள் அண்ணி வந்தார். அவர் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் பாதி இல்லை. அப்படியே போட்டுவிட்டு, பழைய வேட்டித் துணியைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு, மூன்று பஸ் மாறி வந்திருந்தார். குல்லாவைத் தொட்டுப் பார்த்து, "பழைய நூலுதானே? நல்லது" என்றார்.

அந்த 'நல்லது' எனக்குச் சுள்ளென்று ஏறியது. "நீங்க அன்னிக்குப் புடுங்கி வைக்காம இருந்திருந்தா இப்ப பெட்டி நெறைய குல்லா இருந்திருக்கும் அண்ணி. இவ்ளோ நேரம் தல ஜில்லுனு கெடந்திருக்காது."

அண்ணி பதிலுக்குச் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் வேட்டித் துணியை மறுபடி மறுபடி மடித்தார்.

"எனக்கு மொதல்ல ஒண்ணு பொறந்துச்சு. பெரியவனுக்கு முன்னாடி. ஆறு ஜப்லா தச்சி வச்சிருந்தேன், கழுத்துல பூ வேல எல்லாம் போட்டு. ஒண்ண போட்டு அனுப்புனோம். மீதி அஞ்ச என்னா பண்றதுன்னு எனக்குத் தெரியல. யாருக்குக் குடுப்ப? இன்னும் பீரோவுலயே வச்சிருக்கேன்."

அந்தப் பீரோவில்தான் என் ஊசியும் நூலும் எட்டு மாதம் இருந்திருக்கின்றன. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. குழந்தையின் கால் பக்கம் துணி விலகியிருந்தது, "கொஞ்சம் சரி பண்ணுங்க அண்ணி" என்றேன். அவர் சரி செய்தார்.

பொங்கல் கழித்துக் கடலூர் வந்தோம். தெருவில் ஒரு மரம் இல்லை, கரண்ட் வந்தும் வராமலும் இருந்தது. குழந்தை ஒன்றே முக்கால் கிலோ, பிறகு இரண்டு. பிப்ரவரி கடைசியில் இரண்டு வாரம் எடை அப்படியே நின்றுவிட்டது. டாக்டர், "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்றார். பார்ப்போம் என்ற சொல்லை அவ்வளவு பயத்தோடு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

குல்லாவும் அதற்குள் இறுகிவிட்டது. நெற்றியில் வரி வரியாகத் தடம் விழுந்தது. பெரிதாகப் பின்ன வேண்டும் என்று தெரியும். பரணிலிருந்து ஊசியை இறக்கியும் வைத்திருந்தேன். ஆனால் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. குழந்தை தூங்கும், வேலை ஒன்றும் இருக்காது, ஊசியைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் இருக்கிற அளவுக்குப் பின்னலாம். இருக்கப்போகிற அளவுக்கு எப்படிப் பின்னுவது? அண்ணியின் அந்த ஐந்து ஜப்லா கண் முன்னால் வந்து நின்றது. அவருடைய பழக்கத்தை நாலு வருஷம் கேலி செய்துவிட்டு, அவரைவிடக் கெட்டியாக நான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்னதை மகளும் கேட்டிருக்கிறாள். மறுநாள் அவள் ஒற்றைக் கைச் சட்டையைத் தானே கழற்றி என் மடியில் போட்டாள்.

"பாப்பாவுக்குக் குல்லா சின்னதாவே இருக்கு. அப்புறம் எப்படி வளரும்? எனக்கு மட்டும் மொதல்லயே பெருசா வச்ச இல்ல?"

"உனக்கு?"

"எனக்குத்தான் கையே இல்லையே. நீ புதுசு போடு. ஆனா இவளுக்கு மொதல்ல. பெருசா."

அவளையே பிரிக்கச் சொன்னேன். இந்த முறை கேட்டு எடுத்ததுதான். நூலை இழுத்துக்கொண்டு கூடத்திலிருந்து வாசல்வரை ஓடினாள், திரும்பி வந்தாள், மறுபடி ஓடினாள். நூல் நிறைய இருந்ததால் குல்லாவுக்குப் பதில் ஸ்வெட்டராகவே ஆரம்பித்தேன். கண்ணி ஏற்றும்போது முதலில் மூன்று மாத அளவுக்குத்தான் எண்ணினேன். நிறுத்தினேன். மேலே எண்ணிக்கொண்டே போனேன். ஒரு வயதைத் தாண்டியும் போனேன். கரண்ட் இல்லாத பகலில் பின் வாசல் வெளிச்சத்தில், குழந்தையைக் காலில் போட்டுக்கொண்டு பின்னினேன். பத்து வரி முடிவதற்குள் எடை எண்பது கிராம் ஏறியது. பால் கொடுக்கும் இடைவெளியை டாக்டர் குறைக்கச் சொன்னதுதான் காரணம். என் மகள் இன்றுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

சித்திரையில், வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு நாளில் ஸ்வெட்டர் முடிந்தது. நாலு மாதக் குழந்தை பாயில் கிடந்தாள். ஸ்வெட்டர் அவளைப்போல் இரண்டு மடங்கு. அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தார். ஒளித்து வைக்க நேரமில்லை, ஒளிக்கவும் தோன்றவில்லை.

அண்ணி அதைக் கையில் எடுத்தார். தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். பாயில் உட்கார்ந்து, குழந்தையின் மேல் விரித்தார். அது கழுத்திலிருந்து கால் விரலையும் தாண்டிப் பாயில் விழுந்தது. இவ்வளவு பெரிதாக ஏன், யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. சட்டைக் கையின் நுனியை ஒரு மடிப்பு மடித்தார், இன்னொரு மடிப்பு மடித்தார், குழந்தையின் விரல் வெளியே தெரிகிறவரை மடித்துக்கொண்டே போனார்.

"இப்படி மடிச்சி மடிச்சி வுட்டா," என்றார், "ரெண்டு வருஷத்துக்கு வரும் இல்ல?"